ஆரல்வாய்மொழிக் காற்றில் 50 மீட்டர் ரைஃபிள்: சைட்டைத் திருப்புவதா, காத்திருப்பதா?

வடசேரிப்பெண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் உள்ளரங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டுவந்த நான், இப்போது .22 ரைஃபிளில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டிக்கு மாறியிருக்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு எங்கள் வட்டாரத்தில் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. அவர்களில் நானும் ஒருத்தி. உள்ளரங்கில் காற்று என்ற ஒன்றைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. இங்கே அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

நாங்கள் பயிற்சி செய்யும் தளம் தோவாளையைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நேராக வந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது. சுடும் வரிசை வடக்குப் பார்த்தது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று இடப்பக்கத்திலிருந்து ஓயாமல் அடிக்கிறது. திசை பெரிதாக மாறுவதில்லை, ஆனால் வலு அலை அலையாகக் கூடியும் குறைந்தும் வருகிறது. மேற்குப் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குச் சுவரும் உண்டு. 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் குச்சி நட்டு, துணிக்கடையில் வாங்கிய பாலியெஸ்டர் ரிப்பனைக் கட்டி வைத்திருக்கிறோம்.

என் குண்டுகள் வலப்பக்கம் போகின்றன என்பது புரிகிறது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) பக்கவாட்டுத் திருகை இரண்டு மூன்று கிளிக் (திருகு நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) திருப்பிச் சரிசெய்கிறேன். அடுத்த குண்டு இடப்பக்கம் போய் விழுகிறது. மீண்டும் திருப்பினால் மறுபடியும் வலம். இது போக, வலப்பக்கம் போகும் குண்டுகள் சற்றுத் தாழ்ந்தும் விழுகின்றன. பக்கவாட்டில் அடிக்கும் காற்று குண்டை எப்படிக் கீழே தள்ளும் என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டு ரிப்பன்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கும்போது எதை நம்புவது என்றும் தெரியவில்லை. கிளிக் திருப்பியே சுட வேண்டுமா, அல்லது காற்று தணியும் வரை காத்திருக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தாழக்குடி

தங்கச்சி, கேள்வியிலேயே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். திசை மாறுவதில்லை, வலுதான் மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களே, அதுதான் கணவாய்க் காற்றின் இயல்பு. கடற்கரையோரத் தளங்களில் முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் இடையே திசையே புரண்டுவிடும். அதோடு ஒப்பிட்டால் உங்கள் தளம் கடினமானதாகத் தோன்றினாலும் உண்மையில் கற்றுக்கொள்ள நல்ல தளம்.

முதலில் அளவு தெரிய வேண்டும். காற்று குண்டைப் பக்கவாட்டில் அப்படியே தள்ளிக்கொண்டு போவதில்லை. பறக்கும் குண்டின் மூக்கு தன்மீது மோதும் காற்றோட்டத்தை நோக்கிச் சிறிது திரும்பிக்கொள்கிறது; அதனால் குண்டை மெதுவாக்கும் இழுவையில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் வேலை செய்கிறது. ஆகவே விலகலைத் தீர்மானிப்பது குண்டு பறக்கும் மொத்த நேரம் அன்று. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்தத் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். போட்டிகளில் பயன்படும் .22 தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 50 மீட்டரில் அதன் தாமதம் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு நொடி. எனவே நொடிக்கு 1 மீட்டர் வேகமுள்ள பக்கக் காற்று குண்டை 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை நகர்த்தும்.

இதை இலக்கு அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் விட்டம் 5.6 மி.மீ.; குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் ஒரு புள்ளி போகும். காற்றில்லாத நேரத்தில் ஜீரோ செய்த, அதாவது குண்டு இலக்கின் மையத்திலேயே விழும்படி சைட்டை அமைத்த ரைஃபிளை நொடிக்கு 3 மீட்டர் காற்றில் சுட்டால் சரியான குறிக்கும் ஒன்பதோ எட்டோதான் கிடைக்கும். 5 மீட்டர் காற்றில் அது ஏழுக்குப் போய்விடும். அதே ரைஃபிளை 3 மீட்டர் காற்றிலேயே ஜீரோ செய்திருந்தால் என்ன நடக்கும்? காற்று 2 ஆகக் குறைந்தாலும் 4 ஆகக் கூடினாலும் விலகல் 6 மி.மீ.க்குள்தான். கணக்குப்படி இரண்டுமே பத்து. உங்கள் கையசைவும் தோட்டாவின் சிதறலும் அந்த 8 மி.மீ.யில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்றாலும், இருபுறமும் இடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆகவே, காற்று தணியட்டும் என்று காத்திருப்பது ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் நடக்கிற காரியம் இல்லை. அது தணிகிற அந்தச் சில நொடிகளுக்காகத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு கிடந்தால் கண் களைத்துவிடும்; தணிந்துவிட்டது என்று நினைத்து விசையை அழுத்தும்போதே அடுத்த அலை வந்துவிடும். காத்திருக்க வேண்டியது உண்மைதான், ஆனால் தணிவுக்காக அன்று. அடிக்கடி வருவதும் வந்தால் சற்று நேரம் நிலைப்பதுமான ஒரு வலுவைத் தேர்ந்தெடுங்கள். அது மிக மெல்லிய காற்றாக இருக்க வேண்டியதில்லை. போட்டிக்கு முன் கிடைக்கும் 15 நிமிட ஆயத்த நேரத்தில், முதல் சில நிமிடங்கள் ஒரு குண்டும் சுடாமல் கொடியை மட்டும் பாருங்கள்: எந்தச் சாய்வில் அது நீண்ட நேரம் நிற்கிறது, அந்தச் சாய்வு எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று. பிறகு அந்தச் சாய்வில் மட்டும் சோதனைக் குண்டுகளைச் சுட்டு, அதற்கேற்ப பக்கவாட்டுத் திருகை வைத்துவிடுங்கள். போட்டிக் குண்டு தொடங்கிய பின் சோதனைக் குண்டு கிடையாது என்பதால் இந்த வேலை முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு கொடி அந்தச் சாய்வுக்கு வரும்போது சுடுவது, வராதபோது துப்பாக்கியை இறக்கி மூச்சு விடுவது. வேறு எதுவும் செய்ய வேண்டாம். 60 குண்டுகளுக்கு 50 நிமிடம் இருக்கிறது, அதாவது சராசரியாகக் குண்டுக்கு 50 நொடி. நல்ல நிலைமை வரும்போது நான்கைந்து குண்டுகளை அடுத்தடுத்துச் சுட்டுவிட்டால், மோசமான நேரத்தில் இரண்டு நிமிடம் சும்மா கிடக்கலாம்.

நீங்கள் இப்போது செய்வது, போன குண்டின் காற்றுக்கு அடுத்த குண்டில் பதில் சொல்வது. அந்தக் காற்று அதற்குள் ஆரல்வாய்மொழி ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கும்.

கொடியைப் பற்றி. இரண்டு கொடிகள் முரண்பட்டால் உங்களுக்கு அருகில் இருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். தொடக்கத்திலேயே திசை விலகிய குண்டு மீதித் தூரம் முழுவதும் அந்த விலகலைச் சுமந்துகொண்டு போகும். இலக்கின் அருகே தள்ளப்பட்ட குண்டுக்கு விலகிப்போக நேரமே இருக்காது. தூரம் முழுவதும் ஒரே காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மொத்த விலகலில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் 25 மீட்டரில் ஏற்படுவது, கால் பங்குதான் அடுத்த 25 மீட்டரில் ஏற்படுவது. சர்வதேச விதிப்படியும் 50 மீட்டர் தளத்தில் கொடிகள் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும்தான் நடப்படுகின்றன; இலக்கின் அடியில் அன்று.

ஆனால் உங்கள் மேற்குச் சுவரைக் கவனியுங்கள். சுவரின் மேல் ஏறி வரும் காற்று அதன் மறுபக்கத்தில் சுழன்று இறங்கும். சுவரை ஒட்டிய முதல் சில தடங்களில் கொடி எதிர்ப்பக்கமாகக்கூட ஆடும். முடிந்தால் நடுத் தடத்தையோ கிழக்குத் தடத்தையோ கேட்டு வாங்குங்கள்.

ரிப்பனை இன்றே மாற்றிவிடுங்கள். பாலியெஸ்டர் ரிப்பன் இலேசானது. மெல்லிய காற்றிலேயே முழுதாகப் படுத்துவிட்டு, அதற்கு மேல் காற்று இரட்டிப்பானாலும் அதே நிலையில்தான் நிற்கும். உங்களுக்கு வேண்டிய தகவல் அங்கேதான் தொலைகிறது. விதியில் சொல்லப்படும் கொடி 5 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள பருத்தித் துணி. சற்றுக் கனமான பழைய காடாத்துணியில் அந்த அளவுக்கு வெட்டி, ஓரம் பிரியாமல் தைத்துக்கொண்டால் போதும். தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், குண்டு போகும் பாதையின் மட்டத்தில் கட்டுங்கள்.

ஓய்வு ஹவில்தார், தக்கலை

வணக்கம் மக்களே. தாழக்குடிக்காரர் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன்; ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நான் சுட்டதெல்லாம் ராணுவத்தின் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைஃபிளில், 300 மீட்டர் வரை. அங்கே காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இலக்கு எழும்பி நிற்கிற நேரத்துக்குள் சுட்டாக வேண்டும். அந்த ரைஃபிளின் பின் சைட்டைப் பக்கவாட்டில் நகர்த்தக் கருவி வேண்டும் என்பதால், களத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. குறியைத்தான் காற்று வரும் பக்கமாகத் தள்ளி வைப்போம். காத்திருக்கும் பழக்கம் மட்டும் உள்ளவர், காற்று அவர் விரும்பிய சாய்வுக்குத் திரும்பவே திரும்பாத ஒரு நாளில் என்ன செய்வார்? ஆகவே மதிப்பிட்டுத் திருத்தவும் கற்றுக்கொள்ளுங்கள்.

மதிப்பிடுவதற்கு முதலில் கடிகார முறை. இலக்கு 12 மணி, உங்கள் முதுகு 6 மணி. 3 மணியிலிருந்தும் 9 மணியிலிருந்தும் வரும் காற்றுக்கு முழு மதிப்பு. 12, 6 மணிக் காற்றுக்கு 50 மீட்டரில் மதிப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் உள்ளவற்றுக்கெல்லாம் பாதி மதிப்பு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்; அவசரத்துக்கு அது போதும், ஆனால் சரியன்று. 1 மணிக் காற்றுக்குத்தான் பாதி. ஒன்றரை மணிக்கு முக்காலுக்குச் சற்றுக் குறைவு, 2 மணிக்கே பத்தில் ஒன்பது பங்கை நெருங்கிவிடும். அதாவது காற்று 9 மணியிலிருந்து 10 மணிக்குத் திரும்பினால் பெரிதாக ஒன்றும் மாறாது. 11 மணியிலிருந்து 12 மணிக்குத் திரும்பினால்தான் குண்டு இடம் மாறும். உங்களுக்கு அடிப்பது 9 மணிக் காற்று என்பதால் திசையின் சிறு அசைவுகளுக்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வலுவை மட்டும் பாருங்கள்.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கொடி கம்பத்தோடு ஏற்படுத்தும் கோணத்தை 9 ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று ஏறத்தாழக் கிடைக்கும். 45 பாகை என்றால் 5 மீட்டர். கொடித் துணிக்குத் துணி இது மாறும் என்பதால், ஒரு கை அனிமாமீட்டரை (காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை) யாரிடமாவது இரவல் வாங்கி உங்கள் கொடியோடு ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொடியே இல்லாத இடத்திலும் காற்று தன்னைக் காட்டாமல் போகாது. முகத்தில் காற்று உறைத்து, இலைகள் சலசலத்தால் 2, 3 மீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 4, 5. தரையில் புழுதியும் காகிதமும் எழும்பினால் 6, 7. முருங்கை போன்ற சிறு மரங்களே சாய்ந்து ஆடத் தொடங்கினால் 8 தாண்டிவிட்டது; அப்போது 50 மீட்டரில் புள்ளிக் கணக்குப் பார்க்காமல் நிலையையும் விசை அழுத்தத்தையும் மட்டும் பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வெயில் உள்ள நாளில் கானலையும் பார்க்கலாம். ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் (இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கியின்) குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் காற்று நீரோட்டம் போல ஓடுவது தெரியும். அது ஓடும் திசைதான் காற்றின் திசை. நேர் மேலே கொதிப்பது போல எழும்பினால் பக்கக் காற்று இல்லை என்று பொருள். ஆனால் திசை புரளும் முன்பும் கானல் இப்படித்தான் கொதிக்கும், ஆகவே அந்த நேரத்தில் சுடாமல் இருப்பது நல்லது. காற்று 5 மீட்டரைத் தாண்டிவிட்டால் கானல் முழுதாகப் படுத்துவிடும், அதற்கு மேல் வேகத்தைப் பிரித்துக் காட்டாது. 50 மீட்டரில் இது மங்கலாகத்தான் தெரியும். 300 மீட்டரில் கொடியைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

அந்த 300 மீட்டரில் 7.62 குண்டை 1 மீட்டர் பக்கக் காற்று ஏறத்தாழ 5 செ.மீ. நகர்த்தும். 300 மீட்டர் இலக்கு அட்டையிலும் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 5 செ.மீ.தான். மீட்டருக்கு ஒரு வளையம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, உங்கள் சைட்டில் ஒரு கிளிக் எத்தனை மி.மீ. நகர்த்துகிறது என்பதை விளம்பரத் தாளைப் பார்த்து நம்பாதீர்கள். காற்று இல்லாத அதிகாலையில் ஐந்து குண்டு சுட்டு, பத்து கிளிக் திருப்பி மேலும் ஐந்து குண்டு சுட்டு, இரண்டு தொகுப்புகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பத்தால் வகுங்கள். இதை அனுமதி பெற்ற தளத்தில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பொட்டல்காட்டில் போய்ச் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிற பையன்கள் இந்தப் பக்கத்தையும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

வடசேரிப்பெண்

தாழக்குடி அண்ணாச்சிக்கும் ஹவில்தார் மாமாவுக்கும் மிக்க நன்றி. காடாத்துணிக் கொடி இந்த வாரமே தயாராகிவிடும். இன்னும் இரண்டு சந்தேகங்கள். எங்கள் தளத்திலிருந்து முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் நன்றாகத் தெரிகின்றன. அவற்றைப் பார்த்து வரப்போகும் காற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் அல்லவா? எங்களில் சிலர் இறக்கை சுற்றும் வேகத்தைப் பார்த்துத்தான் கிளிக் வைக்கிறார்கள். இரண்டாவது, அதிவேகத் தோட்டா வாங்கினால் குண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும், காற்றுக்கு நேரம் கிடைக்காது என்று ஒருவர் அறிவுரை சொன்னார். அது நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் போகுமாம். வாங்கலாமா? குண்டு தாழ்ந்து விழுவதற்கும் யாரும் இன்னும் காரணம் சொல்லவில்லை.

முப்பந்தல்_காற்றாடி

எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இறக்கை சுற்றும் வேகத்தைப் பார்த்துக் கிளிக் வைப்பவர்களை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பழைய இயந்திரங்களில் பல, மின்கட்டமைப்போடு இணைந்தவுடன் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றும்படி அமைக்கப்பட்டவை. காற்று 6 மீட்டராக இருந்தாலும் 12 மீட்டராக இருந்தாலும் கண்ணுக்கு ஒரே சுழற்சிதான் தெரியும். மாறுவது உற்பத்தியாகும் மின்சாரத்தின் அளவு மட்டுமே. புதிய இயந்திரங்களில் சுழற்சி வேகம் காற்றோடு மாறும் என்றாலும், ஓர் அளவுக்கு மேல் அவையும் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பும் வேறுபாட்டை மறைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒன்றை நீங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள்.

நின்றுபோன காற்றாலையைப் பார்த்துக் காற்று இல்லை என்று முடிவு செய்வதும் தவறு. பராமரிப்புக்காகவோ, மின்கட்டமைப்பு மின்சாரத்தை ஏற்க முடியாத நேரத்திலோ, நல்ல காற்றிலும் நாங்களே நிறுத்தி வைப்போம்.

உயரமும் ஒரு காரணம். பழைய இயந்திரங்களிலேயே இறக்கைகளின் மையம் பல மாடிக் கட்டடத்தின் உயரத்தில் இருக்கிறது. தரையின் உராய்வால் கீழே காற்று மெதுவாகும், மேலே போகப் போகக் கூடும். அவ்வளவு உயரத்துக்குக் காற்றாலையை நாம் தூக்கி நிறுத்துவதே அதற்காகத்தான். முக்கால் மீட்டர் உயரத்தில், பனையும் சுவரும் தடுக்கும் இடத்தில் பறக்கும் உங்கள் குண்டுக்கும் அந்தக் காற்றுக்கும் உறவு மிகக் குறைவு. ஒன்றே ஒன்றுக்குப் பயன்படும்: உச்சியில் உள்ள பெட்டி எப்போதும் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும் என்பதால், பொதுவான திசையைத் தெரிந்துகொள்ளலாம். அதுவும் சில நிமிடங்களின் சராசரிக்குத்தான் திரும்பும். ஒவ்வொரு வீச்சுக்கும் திரும்பாது.

தாழக்குடி

காற்றாடி நண்பருக்கு நன்றி. அந்தப் பழைய இயந்திர விவரம் எனக்கும் புதிது.

ஹவில்தார் அண்ணன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. குறியைத் தள்ளி வைப்பது திறந்த சைட்டிலும் தொலைநோக்கி சைட்டிலும் நன்றாக நடக்கும். 50 மீட்டர் ரைஃபிளில் முன் சைட் ஒரு வளையம். கறுப்பு வட்டம் அதன் நடுவில் நிற்க வேண்டும் என்று கண் தானாகவே இழுக்கும். அதைச் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினால், அழுத்துகிற கணத்தில் கண் மறுபடியும் நடுவுக்கே கொண்டுவந்துவிடும். தேர்ந்தவர்கள் செய்கிறார்கள், தொடக்கத்தில் வேண்டாம். காற்று தேர்ந்தெடுத்த சாய்வுக்குத் திரும்பவே இல்லை என்றால், அண்ணன் சொன்னபடி அளந்து வைத்த கிளிக் கணக்கில் புதிய சாய்வுக்கு ஒரே முறை மாற்றிவிட்டு, பிறகு அதிலேயே இருந்துகொள்ளுங்கள். திருகைத் தொடுவது சாய்வு மாறினால். குண்டு விலகினால் அன்று.

அதிவேகத் தோட்டா வாங்க வேண்டாம். அறிவுரை சொன்னவர் பறக்கும் நேரத்தைப் பார்க்கிறார். நாம் பார்க்க வேண்டியது தாமதத்தை என்று முதலிலேயே எழுதினேன். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் வேகத்தில் போகிறது. 380 மீட்டரில் புறப்படும் குண்டு ஒலியைத் தாண்டிய வேகத்தில் தொடங்குகிறது, அந்த வட்டாரத்தில் காற்றின் இழுவை செங்குத்தாக ஏறிவிடும், குண்டு வேகத்தை மளமளவென்று இழக்கும். பறக்கும் நேரம் குறைந்தாலும் தாமதம் கூடுகிறது. விளைவாக அதே காற்றில் அது 330 மீட்டர் தோட்டாவைவிட அதிகம் விலகும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரைகூடப் போகும். போட்டித் தோட்டா செய்பவர்கள் ஒலி வேகத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பணத்தில் இப்போதுள்ள தோட்டாவிலேயே ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த பெட்டிகளாகப் பார்த்துக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். தொகுதி மாறினாலே குண்டு விழும் இடம் சற்று மாறும், காற்று என்று நினைத்துத் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

குண்டு தாழ்வதற்குக் காரணம் அதன் சுழற்சி. உங்கள் ரைஃபிளின் குழலுக்குள் உள்ள சுருள் வரிகள், ஏறத்தாழ எல்லா .22 ரைஃபிள்களிலும் போல, குண்டை வலப்பக்கமாகச் சுழற்றுகின்றன. சுழலும் குண்டு குழலை விட்டு வெளியேறியதும் பக்கக் காற்றுக்கு முகம் திருப்ப முயலும்போது, சுழலும் பொருள்களின் இயல்புப்படி அது செங்குத்தாகவும் சிறிது திசை மாறுகிறது. இடப்பக்கக் காற்று என்றால் குண்டு வலப்பக்கமும் கீழும், அதாவது அட்டையில் 4 மணி இருக்கும் பக்கம் போகும். வலப்பக்கக் காற்று என்றால் இடப்பக்கமும் மேலும், 10 மணிப் பக்கம். ஆகவே காற்று மாறும்போது உங்கள் தொகுப்பு படுக்கைக் கோடாக நீளாமல் சாய்ந்த கோடாக நீளும். செங்குத்துப் பங்கு பக்கவாட்டுப் பங்கைவிடச் சிறியது, ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். தேர்ந்தெடுத்த சாய்வில் ஜீரோ செய்யும்போது மேல்கீழ்த் திருகையும் சேர்த்தே வைத்துவிட்டால் இது தனியாகத் தொல்லை தராது. ஆனால் 4 மணிக்கோ 10 மணிக்கோ அல்லாமல் நேர் மேலேயோ நேர் கீழேயோ குண்டு போனால் அதைக் காற்றின் கணக்கில் எழுதாதீர்கள். மூச்சையோ, தோளில் துப்பாக்கிக் கட்டை உட்கார்ந்த விதத்தையோ பாருங்கள்.

ஐப்பசியில் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் உங்கள் தளத்தில் அது 1, 2 மணியிலிருந்து வரும். ஆடி மாதக் கிளிக் எண்ணிக்கையை அப்படியே எதிர்ப்பக்கம் புரட்டி வைத்துவிடலாம் என்று தோன்றும். அப்போது காற்றுப் பக்கம் சுவர் இருக்காது, கோணமும் வேறு. கொடி நட்டுப் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.